லினக்ஸ் சர்வரில் வெப்பக் கண்காணிப்பு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனி அலுவலகங்களில் ஓடும் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரும்பாலும் மேசைக்கடியில் நிற்கும் டவர் சர்வர், சில இடங்களில் சின்ன ரேக். மார்ச் பிறந்தாலே வெப்பப் புகார் வர ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு வருடமும் அதே கோளாறுகள்தான் திரும்ப வருகின்றன. அதனால் அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். டெபியன், உபுண்டு இரண்டுக்கும் அப்படியே பொருந்தும்.

மூன்று மென்பொருள்களைப் பற்றித்தான் பேச்சு. எல்எம்-சென்சார்ஸ் வெப்பத்தையும் ஃபேன் வேகத்தையும் படித்துக் காட்டும். ஃபேன்கன்ட்ரோல் அந்த எண்ணைப் பார்த்து ஃபேனை ஓட்டும். தெர்மால்டி ஃபேனைத் தொடாது, பிராசஸரின் வேகத்தைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும். மூன்றையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். முதலில் எல்எம்-சென்சார்ஸ். அது காட்டும் எண்ணை நம்பலாம் என்று உறுதியான பிறகுதான் ஃபேனில் கைவைக்க வேண்டும். தப்பான எண்ணைப் பார்த்து ஃபேன் மெதுவாகச் சுற்றினால், மென்பொருளே இல்லாமல் இருந்ததைவிட நிலைமை மோசம்.

கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டைப் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், ரூட் அதிகாரத்தோடு அடியுங்கள். 'மைனஸ்' என்று வரும் இடத்தில் '-' குறி.

## அறிகுறி 1: 'சென்சார்ஸ்' என்று அடித்தால் "நோ சென்சார்ஸ் ஃபவுண்ட்" என்கிறது

அது நிஜ மெஷின்தானா? முதல் கேள்வி இதுதான். 'சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்' என்று அடியுங்கள். கேவிஎம், விஎம்வேர் என்று ஏதாவது வந்தால் நீங்கள் உட்கார்ந்திருப்பது மெய்நிகர் மெஷினில். அங்கே சென்சார் இருக்காது, எதை நிறுவினாலும் வராது. அதைத் தாங்கி நிற்கும் ஹோஸ்டில்தான் நிறுவ வேண்டும். 'நன்' என்று வந்தால் நிஜ மெஷின், மேலே போகலாம்.

சென்சார்ஸ்-டிடெக்ட் ஓடியதா? பேக்கேஜை நிறுவினால் மட்டும் போதாது. 'சென்சார்ஸ்-டிடெக்ட்' கட்டளையை ஒருமுறை ஓட்டி, போர்டில் என்னென்ன சிப் இருக்கின்றன என்று தேடவிட வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் அது பரிந்துரைக்கும் பதிலையே கொடுங்கள், அதாவது என்டர். கடைசிக் கேள்விக்கு மட்டும் நின்று படிக்க வேண்டும். கண்டுபிடித்த மாட்யூல்களை (சிப்பைப் படிக்க கெர்னலில் ஏற்றும் டிரைவர் துண்டுகளை) /இடிசி/மாட்யூல்ஸ் கோப்பில் சேர்க்கட்டுமா என்று கேட்கும். அங்கே முன்னிருப்புப் பதில் 'நோ'. என்டர் தட்டிக்கொண்டே வந்தவர்களுக்கு எதுவும் சேமிக்கப்பட்டிருக்காது. அந்த இடத்தில் 'யெஸ்' என்று முழுதாக அடியுங்கள்.

மாட்யூல் ஏறியிருக்கிறதா? இன்டெல் என்றால் 'மோட்ப்ரோப் கோர்டெம்ப்', ஏஎம்டி என்றால் 'மோட்ப்ரோப் கே10டெம்ப்'. உடனே எண் வந்துவிட்டால் வேலை முடிந்தது.

டிரைவர் இல்லையா? சென்சார்ஸ்-டிடெக்ட் சிப்பைக் கண்டுபிடித்துவிட்டு, டிரைவர் இடத்தில் 'டு-பி-ரிட்டன்' என்று காட்டினால் அந்தச் சிப்புக்கு இன்னும் யாரும் டிரைவர் எழுதவில்லை என்று பொருள். புதிய கெர்னலில் வந்திருக்கலாம், அதை மட்டும் பாருங்கள். முகம் தெரியாத யாரோ ஒருவரின் டிரைவரை இறக்கி, கம்பெனிக் கணக்கு ஓடும் சர்வரில் கம்பைல் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

## அறிகுறி 2: நேற்று வந்தது, ரீபூட் செய்த பிறகு காணவில்லை

பத்துக்கு ஒன்பது தடவை, மேலே சொன்ன அந்தக் கடைசி 'நோ'தான் காரணம். /இடிசி/மாட்யூல்ஸ் கோப்பைத் திறந்து தேவையான மாட்யூல் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். அதன் பிறகும் வரவில்லையென்றால் 'டிமெசேஜ்' (dmesg, கெர்னலின் செய்திப் பதிவு) வெளியீட்டில் அந்த மாட்யூலின் பெயரைத் தேடிப் பாருங்கள், மறுத்த காரணம் அங்கே இருக்கும்.

## அறிகுறி 3: பிராசஸர் சூடு தெரிகிறது, ஃபேன் வேகம் தெரியவில்லை

பிராசஸருக்குள் இருக்கும் சென்சார் வேறு, ஃபேனைக் கவனிக்கும் சிப் வேறு. ஃபேன் பக்கம் மதர்போர்டில் உள்ள சூப்பர் ஐஓ சிப்பின் பொறுப்பு. நுவோடான் சிப் என்றால் என்சிடி6775, ஐடிஇ சிப் என்றால் ஐடி87 என்ற மாட்யூல் வேண்டும். முதலில் மோட்ப்ரோப் செய்து பாருங்கள்.

"டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிசி" என்று மறுத்தால், டிமெசேஜில் ஏசிபிஐ (பயாஸும் லினக்ஸும் வன்பொருளைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு) மோதல் பற்றி ஒரு வரி இருக்கும். பயாஸும் அதே சிப்பைப் பயன்படுத்துகிறது, அதனால் கெர்னல் விலகிக்கொண்டது. இணையத்தில் தேடினால், பூட் வரியில் 'ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ்=லாக்ஸ்' சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்தால் வரும். ஆனால் இரண்டு பேர் ஒரே சிப்பில் கை வைக்கும் நிலை அது. வீட்டு மெஷினில் செய்து பாருங்கள். அலுவலக சர்வரில் முதலில் கெர்னலைப் புதுப்பியுங்கள். ஆசுஸ் போர்டுகள் பலவற்றில் புதிய கெர்னல் இந்த மோதலைத் தவிர்த்து வேறு வழியாகப் படித்துவிடுகிறது.

சர்வர் போர்டு என்றால் ஃபேன் லினக்ஸின் கையில் இல்லை. போர்டிலேயே இருக்கும் பிஎம்சி என்ற தனிச் சிறு கணினிதான் ஓட்டுகிறது. டெல் சர்வர்களில் ஐடிராக், ஹெச்பி சர்வர்களில் ஐஎல்ஓ என்று அதற்குப் பெயர். இங்கே எல்எம்-சென்சார்ஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஐபிஎம்ஐடூல் நிறுவி, 'ஐபிஎம்ஐடூல் எஸ்டிஆர் டைப் ஃபேன்', 'ஐபிஎம்ஐடூல் எஸ்டிஆர் டைப் டெம்பரேச்சர்' இரண்டையும் ஓட்டுங்கள். /டெவ்/ஐபிஎம்ஐ0 இல்லை என்று பிழை வந்தால் ஐபிஎம்ஐ_எஸ்ஐ, ஐபிஎம்ஐ_டெவ்இன்டிஎஃப் ஆகிய இரு மாட்யூல்களை ஏற்றுங்கள். அப்புறமும் பதில் இல்லையென்றால் மெஷினை நிறுத்தி, பவர் கேபிளையே கழற்றி, சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். ஷட்டவுன் செய்தாலும் பிஎம்சி அணையாது, கேபிளைப் பிடுங்கினால்தான் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால் பிஎம்சி கோளாறு. சர்வீஸ் ஆளைக் கூப்பிடும் இடம் இது.

## அறிகுறி 4: எண் வருகிறது, ஆனால் நம்பும்படி இல்லை

127, மைனஸ் 128 மாதிரி எண்கள்: சிப்பில் இருக்கும் இணைப்புக்கு வெளியே சென்சாரே பொருத்தவில்லை. ஆக்ஸ்டின் என்ற பெயரில் வரும் வரிகளில் இது சகஜம். பயப்பட ஒன்றுமில்லை. /இடிசி/சென்சார்ஸ்.டி அடைவில் ஒரு கோப்பு போட்டு, அந்தச் சிப்பின் பெயரும் 'இக்னோர்' வரியும் எழுதிவிடுங்கள். விட்டுவைத்தால் ஆறு மாதம் கழித்து வேறு யாராவது பார்த்துப் பதறுவார்கள்.

பழைய ஏஎம்டி ரைசன் பிராசஸரில் சும்மா இருக்கும்போதே அதிகச் சூடு: முதல் இரண்டு தலைமுறை ரைசன் சிலவற்றில் 'டிசிடிஎல்' எண்ணில் வேண்டுமென்றே கூட்டி வைத்திருக்கிறார்கள். ரைசன் 7 1800எக்ஸில் 20 டிகிரி, 2700எக்ஸில் 10 டிகிரி, த்ரெட்ரிப்பர் 1950எக்ஸில் 27 டிகிரி. 'டிடை' என்று இன்னொரு வரி வந்தால் உண்மையான சூடு அதுதான்.

அறைச் சூட்டைவிடக் குறைவான எண்: காற்றால் குளிரும் எந்த மெஷினும் அறையைவிடக் குளிர்ந்து போகாது. அப்படிக் காட்டும் சென்சாரை ஃபேன் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தவே கூடாது. இன்டெல் கோர்டெம்ப் மட்டும் இதில் கொஞ்சம் விலக்கு. உச்ச வரம்பை நெருங்கும்போது அது துல்லியமாக இருக்கும், குளிர்ந்த நிலையில் சில டிகிரி தள்ளிக் காட்டும்.

சோதிக்க எளிய வழி: திங்கள் காலை, இரவெல்லாம் அணைந்திருந்த மெஷினைப் போட்டதும் பயாஸுக்குள் போய் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் ஏறியதும் சென்சார்ஸ் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். ஐந்தாறு டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. முப்பது டிகிரி என்றால் எந்த வரி எந்தச் சென்சார் என்பதையே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம்.

## அறிகுறி 5: பிடபிள்யூஎம்கான்ஃபிக் ஓடுகிறது, ஃபேன் அசையவில்லை

ஃபேன்கன்ட்ரோலுக்கு அமைப்புக் கோப்பு எழுதித் தருவது பிடபிள்யூஎம்கான்ஃபிக். பிடபிள்யூஎம் என்பது மின்துடிப்பின் அகலத்தை மாற்றி ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை. ஒவ்வொரு ஃபேனையும் ஐந்து விநாடி நிறுத்திப் பார்த்துத்தான் எது எதோடு இணைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும். ஆகவே பில்லிங் நடக்கும் நேரத்தில் ஓட்டாதீர்கள். ஆட்கள் போன பிறகு, லோடு இல்லாத நேரத்தில் ஓட்டுங்கள்.

"பிடபிள்யூஎம் வசதியுள்ள மாட்யூல் இல்லை" என்றால் அறிகுறி 3-க்குத் திரும்புங்கள். சூப்பர் ஐஓ மாட்யூல் ஏறவில்லை.

ஃபேன் வேகம் மாறவே இல்லை என்றால் கேபினட்டைத் திறந்து ஃபேன் கனெக்டரைப் பாருங்கள். மூன்று பின் ஃபேனை நான்கு பின் சாக்கெட்டில் மாட்டியிருந்தால், பயாஸில் அந்த சாக்கெட்டை டிசி முறைக்கு மாற்ற வேண்டும். மூன்று பின் ஃபேனுக்கு பிடபிள்யூஎம் கம்பியே கிடையாது, மின்னழுத்தத்தைக் குறைத்தால்தான் மெதுவாகும்.

மாறுகிறது, சில விநாடியில் பழைய வேகத்துக்கே போய்விடுகிறது என்றால் பயாஸின் தானியங்கி ஃபேன் கட்டுப்பாடு உங்களோடு போட்டி போடுகிறது. பயாஸில் அதை அணைத்தால் ஃபேன்கன்ட்ரோல் வேலை செய்யும். ஆனால் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பயாஸிலேயே வெப்பத்துக்கு ஏற்ற ஃபேன் வேகத்தை அமைக்கும் வசதி இருந்தால் அதையே வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. லினக்ஸ் தொங்கிப்போனாலும் பயாஸ் ஃபேனை விடாது. கைவசம் வேறு வழியில்லாத போர்டுகளுக்குத்தான் ஃபேன்கன்ட்ரோல்.

## அறிகுறி 6: ஃபேன்கன்ட்ரோல் சர்வீஸ் திடீரென்று தொடங்க மறுக்கிறது

'ஜர்னல்சிடிஎல் மைனஸ் யு ஃபேன்கன்ட்ரோல்' பாருங்கள். "கான்ஃபிகரேஷன் அப்பியர்ஸ் டு பி அவுட்டேட்டட்" என்று இருந்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஹெச்டபிள்யூமான் எண்கள் இடம் மாறியிருக்கின்றன. சென்சார் மாட்யூல்களுக்கு ஏறும் வரிசைப்படி ஹெச்டபிள்யூமான்0, 1, 2 என்று எண் விழும். புதிதாக ஒரு என்விஎம்இ டிஸ்க் மாட்டினாலும், கெர்னல் மாறினாலும் வரிசை மாறலாம். முன்பு 2 ஆக இருந்தது இப்போது 3. இதைக் கவனித்துத் தானாக நின்றுகொள்வது ஃபேன்கன்ட்ரோல் செய்யும் நல்ல காரியம்.

தற்காலிகமாக பிடபிள்யூஎம்கான்ஃபிக்கைத் திரும்ப ஓட்டலாம். நிலையான தீர்வு வேண்டுமென்றால் /இடிசி/மாட்யூல்ஸில் கோர்டெம்ப், என்சிடி6775 இரண்டையும் வரிக்கு ஒன்றாக, இந்த வரிசைமுறை மாறாமல் எழுதிவையுங்கள். பெரும்பாலான மெஷின்களில் அதன் பிறகு எண் நகர்வதில்லை. ஒவ்வொரு கெர்னல் மாற்றத்துக்குப் பிறகும் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் ஃபேன்கன்ட்ரோல்' பார்ப்பதை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் ஓட ஆரம்பித்ததும் /இடிசி/ஃபேன்கன்ட்ரோல் கோப்பில் மின்பிடபிள்யூஎம் வரியைப் பாருங்கள் (இந்தக் கோப்பில் வரிப் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும்). அந்த வரி இல்லையென்றால் மதிப்பு 0, அதாவது சூடு குறைந்தால் ஃபேன் முழுதாக நின்றுவிடும். சர்வரில் இது கூடாது. மின்ஸ்டாப்பில் (ஃபேன் நிற்காமல் சுற்றும் மிகக் குறைந்த அளவு) என்ன எண் இருக்கிறதோ அதையே மின்பிடபிள்யூஎம்முக்கும் கொடுங்கள். இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். சர்வீஸை முறையாக நிறுத்தினால் அது ஃபேனைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். 'கில் மைனஸ் 9' போட்டுக் கொன்றால் கடைசியாக வைத்த வேகத்திலேயே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், அது குறைந்த வேகமாகவும் இருக்கலாம். அந்தக் குறைந்த வேகத்தில் உங்கள் மெஷின் முழு லோடைத் தாங்குமா என்று ஒரு மாலை ஓட்டிப் பாருங்கள். தாங்கவில்லையென்றால் மின்பிடபிள்யூஎம்மை ஏற்றுங்கள்.

## அறிகுறி 7: ஃபேன் ஏறி ஏறி இறங்குகிறது, அல்லது எப்போதும் கத்துகிறது

ஏறி இறங்கினால், ஒற்றை கோரின் சூட்டைப் பார்த்து ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். கோர் சூடு ஒரு நொடியில் இருபது டிகிரி தாவும். பேக்கேஜ் சூட்டுக்கு, அதாவது முழு பிராசஸரின் சூட்டுக்கு மாற்றுங்கள். மின்டெம்ப் (ஃபேன் ஏறத் தொடங்கும் சூடு), மேக்ஸ்டெம்ப் (முழு வேகத்தை எட்டும் சூடு) இடையே குறைந்தது 25 டிகிரி இடைவெளி விடுங்கள். ஆவரேஜ் என்ற வரி சேர்த்து, கடைசிச் சில அளவீடுகளின் சராசரியைப் பார்க்கச் சொல்லலாம்.

சூப்பர்மைக்ரோ போர்டில் மெதுவாகச் சுற்றும் புது ஃபேன் மாட்டிய பிறகு இப்படி என்றால், ஃபேன் வேகம் பிஎம்சியின் கீழ் வரம்புக்குக் கீழே போகிறது. ஃபேன் செத்துவிட்டது என்று நினைத்து பிஎம்சி எல்லாவற்றையும் முழு வேகத்துக்கு ஏற்றுகிறது, வேகம் வந்ததும் இறக்குகிறது, மறுபடி ஏற்றுகிறது. 'ஐபிஎம்ஐடூல் சென்சார் த்ரெஷ்' கட்டளையால் கீழ் வரம்பைக் குறையுங்கள்.

டெல் பவர்எட்ஜில் கார்டு மாட்டிய நாளிலிருந்து கத்தல் என்றால், அந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு டெல் அடையாளம் காணாத ஒன்றாக இருக்கும். அதன் சூடு தெரியாததால் ஐடிராக் ஃபேனை உயர்த்தியே வைக்கிறது. கார்டைக் கழற்றி ஒருமுறை ஓட்டினால் தெரிந்துவிடும்.

## அறிகுறி 8: தெர்மால்டி போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை

ஏஎம்டி மெஷினா? அது இன்டெலுக்கு மட்டுமே எழுதப்பட்டது. 'அன்சப்போர்ட்டட் சிபியு மாடல்' என்று பதிவேட்டில் இருந்தால் நீக்கிவிடுங்கள். இன்டெலாகவே இருந்தாலும் ஃபேன் சத்தம் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிஎம்சி உள்ள சர்வரில் அது தேவையே இல்லை.

## அறிகுறி 9: ஹார்டு டிஸ்க் சூடு தெரியவில்லை

பழைய குறிப்புகளில் ஹெச்டிடிடெம்ப் நிறுவச் சொல்லியிருப்பார்கள். புதிய உபுண்டு, டெபியன் வெளியீடுகளில் அது கிடையாது. கெர்னல் 5.6 முதல் டிரைவ்டெம்ப் என்ற மாட்யூல் இருக்கிறது. மோட்ப்ரோப் செய்தால் சாட்டா டிஸ்க்குகள் சென்சார்ஸ் பட்டியலிலேயே வந்துவிடும். ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்குகளுக்கு, டிஸ்க்கிடமே கேட்டுச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளைதான் வழி.

டிஸ்க்குகளைப் பின்னணியில் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி அமைப்பில் 'மைனஸ் டபிள்யூ 4,45,55' (இங்கே டபிள்யூ பெரிய எழுத்து) என்று சேர்த்தால் 45 டிகிரியில் பதிவும் 55-ல் எச்சரிக்கையும் வரும். 55 தாண்டினால் முதல் வேலை பேக்கப். ஃபேனெல்லாம் பிறகு.

## அறிகுறி 10: உண்மையிலேயே சூடாகிறது, மெதுவாகிறது, தானே அணைகிறது

இதுவரை சொன்னவை எண் பிரச்சினைகள். இது நிஜப் பிரச்சினை.

சூட்டால்தான் அணைந்ததா? 'ஜர்னல்சிடிஎல் மைனஸ் கே மைனஸ் பி மைனஸ் 1' போட்டு, போன தடவை ஓடியபோது கடைசியாக என்ன பதிவானது என்று பாருங்கள். "கிரிட்டிக்கல் டெம்பரேச்சர் ரீச்டு" என்று இருந்தால் சூடு. பிஎம்சி இருந்தால் 'ஐபிஎம்ஐடூல் எஸ்இஎல் லிஸ்ட்'டும் சொல்லும். எதுவுமே இல்லாமல் சட்டென்று அறுந்திருந்தால் யூபிஎஸ் அல்லது எஸ்எம்பிஎஸ் பக்கம் சந்தேகப்படுங்கள்.

மெதுவாவது சூட்டாலா? இன்டெலில் ஒவ்வொரு சிபியுவின் சிஸ்எஃப்எஸ் (/சிஸ் கீழே கெர்னல் காட்டும் கோப்புகள்) அடைவிலும் தெர்மல்_த்ராட்டில் என்று ஓர் உள்ளடைவு உண்டு. அதில் கோர்_த்ராட்டில்_கவுண்ட் எண் ஏறிக்கொண்டே போனால் ஆம்.

பிறகு லோடு சோதனை. எல்லா வழிமுறைகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல் பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது. 'ஸ்ட்ரெஸ்-என்ஜி'யைப் பத்து நிமிடம் எல்லாக் கோர்களிலும் ஓட்டுங்கள், பக்கத்து டெர்மினலில் 'வாட்ச் சென்சார்ஸ்'. சில விநாடியிலேயே 90 தாண்டினால், பிராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தொடர்பு சரியில்லை: காய்ந்த தெர்மல் பேஸ்ட், அல்லது ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது. நிமிடத்துக்குக் கொஞ்சமாக, விடாமல் ஏறிக்கொண்டே போனால் சூடு வெளியேற வழியில்லை: அறை, தூசி, ஃபேன்.

மெதுவாக ஏறும் வகைக்குச் செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். இரவு ஏசி அணைகிறதா? மெஷினின் பின்பக்கம் சுவரை ஒட்டியிருக்கிறதா? யாராவது மேலே சாம்பிள் பெட்டி அடுக்கியிருக்கிறார்களா? அப்புறம் திறந்து பாருங்கள். எங்கள் ஊரில் சாதாரணத் தூசியைவிட பனியன் பஞ்சுதான் எதிரி. வெளியே பார்த்தால் ஹீட்சிங்க் சுத்தமாகத் தெரியும். ஃபேனைக் கழற்றினால்தான் அதற்கும் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு தலையணை உறை போல ஒரே படலமாகப் படிந்திருப்பது கண்ணில் படும். விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுதாக உரிந்து வரும். அதை எடுக்காமல் ப்ளோயர் அடித்தால் பஞ்சு தகடுகளுக்குள் இன்னும் இறுகும். முதலில் கையால் எடுங்கள், பிறகு மெஷினை வாசலுக்குக் கொண்டுபோய் உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்து ஊதுவதோடு சரி, அதைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்த செலவு ஃபேன். கையால் சுழற்றினால் கரகரவென்று நின்றால் மாற்றுங்கள். சில நூறு ரூபாயில் முடியும். சர்வர் ஃபேன் என்றால் அதே மாடல் எண்ணையே வாங்குங்கள்.

வேகமாக ஏறும் வகைக்கு பேஸ்ட் மாற்ற வேண்டும். ஏஎம்டி ஏஎம்4 சாக்கெட்டில் ஹீட்சிங்க்கை நேராக மேலே இழுக்காதீர்கள், பிராசஸரும் சேர்ந்து வந்து பின் வளைந்துவிடும். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, பேஸ்ட் இளகிய பின் நிறுத்தி, பக்கவாட்டில் லேசாகத் திருகிக் கழற்றுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புது பேஸ்ட் கொஞ்சமாக வைத்து, ஸ்க்ரூக்களைக் குறுக்குக்குக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

இந்த இடத்தில் நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்: வாரன்டியோ ஏஎம்சியோ இருந்தால் ஹீட்சிங்க்கைக் கழற்றும் முன்பே. பேஸ்ட் மாற்றியும் சில விநாடியில் 90 தாண்டினால். கப்பாசிட்டர் உப்பியிருந்தால், கருகிய வாடை வந்தால், பதிவேட்டில் சூடு பற்றி ஒன்றுமில்லாமல் அணைந்துகொண்டே இருந்தால். இவை போர்டு அல்லது எஸ்எம்பிஎஸ் வேலை.

ஆள் வருவதற்கு முன் பேக்கப் முடிந்திருக்க வேண்டும். கூடவே ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிக் கொடுங்கள்: லோடு இல்லாதபோது என்ன சூடு, ஸ்ட்ரெஸ்-என்ஜி போட்ட முதல் நிமிடம் என்ன, பத்தாவது நிமிடம் என்ன, அறைச் சூடு என்ன. அணைந்த தேதியும் நேரமும் தெரிந்தால் அதையும் சேருங்கள். அந்தத் தாள் இல்லையென்றால் வருபவர் முதல் வேலையாக விண்டோஸ் பென்டிரைவைச் செருகிப் பார்ப்பார், அரை நாள் அதிலேயே போகும்.